கஷ்ட காலத்தில் சினிமாவும் ரேடியோவும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கசாலையிலும் அண்ணா சாலையிலும் பழைய தியேட்டர்கள் இருந்த இடங்களைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நடை கூட்டிப் போகிறேன். கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள், ஓய்வு பெற்றவர்களும் வருவார்கள். காய்கறி விலையில் ஆரம்பிக்கிற பேச்சு, "அந்தக் காலத்துல மட்டும் எப்படிங்க சமாளிச்சாங்க?" என்பதில் வந்து நிற்கும். அதிலிருந்து கிளம்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன்.

நாட்டுல பணக் கஷ்டம் வந்தா சினிமா நல்லா ஓடும்னு சொல்றாங்களே, நெஜமா?

பாதி நிஜம். இந்தப் பேச்சு கிளம்பியது அமெரிக்காவில், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தை வைத்து. ஆனால் அங்கேயே முதலில் கூட்டம் விழுந்தது. 1930இல் வாரத்துக்கு 8 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றதாகக் கணக்கு. 1932, 1933 வாக்கில் அது 6 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. பாரமவுண்ட், ஆர்.கே.ஓ. போன்ற பெரிய கம்பெனிகளே திவால் நடவடிக்கைக்குள் போயின.

அப்புறம் எப்படி எழுந்தது? விலையைக் குறைத்தார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் போட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் வரும் பெண்களுக்குத் தட்டு, கோப்பை என்று பாத்திரம் கொடுத்தார்கள். ஒரு செட் சேர வேண்டுமானால் வாராவாரம் வந்தாக வேண்டும். இன்னொரு நாள் குலுக்கலில் ரொக்கப் பரிசு. கஷ்டம் வந்ததால் ஜனம் தானாகத் தியேட்டருக்கு ஓடவில்லை. கையில் இருக்கும் சில்லறைக்குள் தியேட்டர் தன்னைச் சுருக்கிக்கொண்ட பிறகுதான் ஓடியது. கீழே வரும் பல பதில்களுக்கு அடிப்படை இதுதான்.

அந்த மந்தம் அமெரிக்கா சமாச்சாரம்தானே? மெட்ராஸுக்கு என்ன?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தபோது தஞ்சாவூர் மிராசுதாருக்கு அந்தச் சந்தை எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. ஆனால் அடுத்த நாலைந்து வருஷத்தில் அவர் நெல்லுக்குக் கிடைத்த விலை பாதிக்கு அருகே சரிந்தது. கடனும் வரியும் மட்டும் பழைய அளவிலேயே நின்றன. பர்மாவில் வட்டிக்கு விட்டிருந்த செட்டியார்களுக்கு அசல் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதம் ஆயிற்று. விரும்பி வாங்கிய நிலம் இல்லை, வாராக் கடனுக்கு ஈடாக வந்தது.

பட்டணத்தில் கதை வேறு. விலைவாசி விழும் காலத்தில் மாதச் சம்பளக்காரன் ராஜா. ரயில்வே குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் சம்பளம் பெரிதாகக் குறையாமல் அரிசி விலை குறைந்தால் மாதக் கடைசியில் கையில் ஏதோ மிஞ்சும். கிராமத்தில் இனிப் பணத்தைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று நினைத்தவர்களும் பட்டணத்தில்தான் முதலீடு தேடினார்கள்: மில், பேங்க், சினிமா. செலவழிக்கச் சில்லறை வைத்திருந்த ஆளும், முதல் போடப் பணம் வைத்திருந்த ஆளும் ஒரே ஊரில் சந்தித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்காது. இதை விட்டுவிட்டுப் பேசினால் சினிமாக் கணக்கு புரியாது.

அப்படிப்பட்ட நேரத்துல போய் யாராவது பேசும்படம் எடுக்க ஆரம்பிப்பாங்களா?

ஆரம்பித்தார்களே! தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று மெட்ராஸ் 'கினிமா சென்ட்ரல்' தியேட்டரில் வெளியானது. பிற்காலத்தில் முருகன் டாக்கீஸ் என்று தங்கசாலைக்காரர்களுக்குத் தெரிந்த அதே கொட்டகை. படம் எடுத்தது பம்பாயில், இம்பீரியல் கம்பெனிக்காக, இயக்கியவர் எச்.எம். ரெட்டி. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார். நாயகன் பதில் சொன்னது தெலுங்கில். ஜனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. திரை பேசுகிறது, பாடுகிறது, அது போதும்.

முதல் சில வருஷம் தமிழ்ப் படம் என்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். 1934இல் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோனைத் தொடங்கிய பிறகுதான் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோ மெட்ராஸிலேயே வந்தது. முதல் போட்டவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்த காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன், 1935இல் 'அல்லி அர்ஜுனா' எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அடுத்த படமும் போகவில்லை. பிற்காலத்து ஏ.வி.எம். கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி. பேர் சொல்ல ஆளில்லாமல் ஒரே படத்தோடு ஊர் திரும்பிய முதலாளிகளைப் பற்றி நடையில் யாரும் கேட்பதே இல்லை.

டிக்கெட் என்ன விலை இருக்கும்? கூலிக்காரங்க போக முடிஞ்சுதா?

ரூபாய்க்கு 16 அணா. கொட்டகையில் தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா என்று வகுப்புகள். தரை டிக்கெட் ஒரு சில அணாக்கள்தான்; சோபாவுக்கு அதைப்போலப் பல மடங்கு. படம் எல்லோருக்கும் ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு. தரைக்காரர்கள் கூட்டமாக வந்ததால்தான் கொட்டகைக்காரருக்குக் கட்டுப்படி ஆயிற்று. மணல் தரையில் முன்னால் இருப்பவர் தலை மறைத்தால், இருக்கிற மணலைக் குவித்து மேடு கட்டி அதன் மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. பின்வரிசைக்காரருக்கும் அவருக்கும் உடனே சண்டை வரும்.

வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். மெல்லிசான தாள், முன்பக்கம் நாயகன் நாயகி படம், உள்ளே கதைச் சுருக்கம், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று ஒரு வரி, அப்புறம் பாட்டுகள். படம் பார்க்கக் காசில்லாதவர்களும் அதை வாங்கினார்கள். வீட்டுக்கு ஒன்று வந்தால் தெருவே பாடும்.

ரேடியோ பணக்காரங்க வீட்டுப் பொருள்தானே?

பெட்டி பணக்காரர் பொருள். சத்தம் அப்படி இல்லை. இந்தக் கேள்விக்குச் சென்னையிடம் இருக்கிற பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். 1924இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்கை எடுத்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்று தொடங்கி, அந்த ஜூலைக் கடைசியில் ஒலிபரப்பும் ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்தில் பணமில்லாமல் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்கு வந்து சேர்ந்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. மந்தம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் என்பதைக் கவனியுங்கள். தனியார் கம்பெனி நடத்திய பம்பாய், கல்கத்தா நிலையங்கள் அதே வருஷம் மார்ச்சில் மூடும் நிலைக்குப் போய், அரசு கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாலையில் காற்று வாங்கப் போகிறவர் காலணா செலவில்லாமல் கச்சேரி கேட்கலாம். மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பெட்டி கொடுத்தார்கள். குப்பை அள்ளுவது, விளக்குப் போடுவது மாதிரி பாட்டுப் போடுவதும் மாநகராட்சி வேலை என்று எட்டு வருஷம் இருந்தது இந்த ஊர். 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் அகில இந்திய வானொலி நிலையம் திறந்ததும் அந்த ஒலிபரப்பு முடிந்தது. பூங்கா ரேடியோ மட்டும் பல பத்தாண்டு தொடர்ந்தது. சாயங்காலச் செய்திக்குப் பெஞ்சு பிடித்து உட்கார்ந்த பெரியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ரேடியோ வெச்சிருக்க லைசென்ஸ் எடுக்கணுமாமே? சும்மா சொல்றீங்களா?

சும்மா இல்லை. தபால் ஆபீசில் ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள், வருஷா வருஷம் பணம் கட்டி அதில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். கட்டாவிட்டால் அபராதம். 1980களில்தான் ஒழிந்தது. தாத்தா டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள், கிடைத்தாலும் கிடைக்கும்.

அமெரிக்காவுல சினிமா விழுந்தப்ப ரேடியோ மட்டும் வளர்ந்துச்சாம். ஏன்?

சினிமாவுக்கு ஒவ்வொரு தடவையும் காசு. ரேடியோவுக்கு ஒரே தடவை, அதுவும் தவணையில் கட்டலாம். 1930இல் சுமார் 1.2 கோடி அமெரிக்க வீடுகளில் இருந்த பெட்டி, 1940இல் சுமார் 2.8 கோடி வீடுகளில் இருந்தது. நிகழ்ச்சிச் செலவை சோப்புக் கம்பெனியும் பற்பசைக் கம்பெனியும் ஏற்றுக்கொண்டன. 1933 மார்ச் 12 அன்று அதிபர் ரூஸ்வெல்ட், மூடிக்கிடந்த பேங்குகளைப் பற்றி ரேடியோவில் நிதானமாக விளக்கியதும், பேங்க் திறந்தபோது ஜனம் பணத்தைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டது. வேலை போனவர் வீட்டிலும் அந்தப் பெட்டியைக் கடைசியாகத்தான் விற்றிருப்பார்கள்.

நம் ஊரில் தவணைக்காரர் யார்? டீக்கடைக்காரர். அது கீழே வருகிறது.

யுத்த காலத்துல மெட்ராஸே காலியாச்சுன்னு பாட்டி சொல்வாங்க. ஆனா 'ஹரிதாஸ்' மூணு தீபாவளி ஓடிச்சுன்னும் சொல்றாங்க. ரெண்டும் எப்படி நிஜமாகும்?

இரண்டும் நிஜம், இடையில் இரண்டரை வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரைக் காலி செய்து ஓடியது 1942 ஏப்ரலில். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்தது 1944 தீபாவளிக்கு. அதற்குள் ஓடியவர்கள் திரும்பியிருந்தார்கள். கூடவே ரேஷனும் வந்துவிட்டது. பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளியைப் பார்த்தது.

பாகவதர் குரல்தான் காரணம் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் பிலிம் பஞ்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். யுத்தத்தில் அது கட்டுப்பாட்டுக்குள் போனது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. புதுப் படம் குறைவு, ஊரில் யுத்தச் சம்பளமும் கள்ளச் சந்தைப் பணமும் நிறைய, வாங்குவதற்குச் சாமான் இல்லை. ஓடுகிற படத்தை எடுத்துவிட்டு வேறு எதைப் போடுவார் தியேட்டர்காரர்? படம் ஓட ஆரம்பித்த அதே வருஷக் கடைசியில் பாகவதர், பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கதாநாயகன் ஜெயிலில், படம் பிராட்வேயில்.

60கள்ல அரிசிக்கே வரிசை. அப்ப ஜனங்க ரேடியோ கேட்டாங்கன்னா வயித்துக்கு என்ன பண்ணாங்க?

வயிற்றுக்கு வரிசையில் நின்றார்கள், காதுக்கு டீக்கடையில் நின்றார்கள். "ரூபாய்க்கு மூன்று படி" என்பது 1967 தேர்தலின் பெரிய முழக்கம் ஆகிற அளவுக்கு அரிசி ஒரு பிரச்சினை. அதே நேரத்தில்தான் டிரான்சிஸ்டர் வந்து ரேடியோவுக்கு மின்சார இணைப்புகூடத் தேவையில்லாமல் போனது. டீக்கடைக்காரர் ஒரு பெட்டி வாங்கி அலமாரி மேல் வைத்தால், ஒரு டீ காசில் ஒரு மணி நேரம் நிற்கலாம். மேலே பூங்கா ரேடியோ பற்றிச் சொன்ன அதே கணக்கு, முதலாளி மட்டும் மாறிவிட்டார்.

கேட்டது பெரும்பாலும் சிலோன், அதாவது இலங்கை வானொலி. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரமில்லாதது என்று அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிவைத்தார். ஜனம் சண்டை போடவில்லை, குமிழைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டது. ஐந்து வருஷம் பொறுத்து, 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கி அரசே பாட்டுப் போட வேண்டி வந்தது. வறுமையில் இருப்பவனுக்கு நல்லது எது என்று மேலே இருந்து தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

ஒலிச்சித்திரம்னு அம்மா அடிக்கடி சொல்றாங்க. அது நாடகமா, சினிமாவா?

சினிமாதான், படத்தைக் கழித்துவிட்டு. ஒரு திரைப்படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, வசனமும் பாட்டுமாக ஒரு மணி நேர அளவுக்கு வெட்டிச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு வாசனையோடு கேட்டதாக நடைக்கு வரும் அம்மாக்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

அதைக் கேட்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். திடீரென்று வசனம் நின்று வயலின் மட்டும் இழுக்கும். யாரோ அழுகிறார்கள் என்று நாமாக ஊகிக்க வேண்டும். கதவு சாத்தும் சத்தம், செருப்புச் சத்தம், ஒரு "அத்தான்!", போனது யார், வந்தது யார்? படம் பார்த்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவர்தான் அன்றைக்கு ராஜா. "இப்ப அவ மாடியில இருந்து பாக்கறா" என்று வர்ணனை கொடுப்பார். பார்க்காதவர்கள் தாங்களாகவே ஒரு மாடியைக் கட்டிக்கொள்வார்கள். வடசென்னையில் ஒரு அம்மா சொன்னது: "பின்னாடி டிவியில அந்தப் படத்தைப் பாத்தேன். நான் நெனச்ச வீடு இன்னும் பெருசு." டிக்கெட்டுக்கு வழியில்லாத வீட்டில் படம் இப்படித்தான் ஓடியது.

எப்படிப் பாத்தாலும் இது ஏழைங்களை மயக்கற போதைதானே சார்?

கல்லூரிப் பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள், கோபமாகவும் கேட்பார்கள். கோபம் நியாயம். போதை என்றால் விற்றவரோடு அரசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1939இலேயே சென்னை மாகாணத்துக்குக் கேளிக்கை வரிச் சட்டம் வந்துவிட்டது. தரை டிக்கெட்காரர் சிரித்ததிலும் அழுததிலும் அரசுக்குப் பங்கு போனது.

ஆனால் மயங்கியவர் என்று நாம் முடிவு கட்டுகிறவர் என்ன வாங்கினார் என்று பாருங்கள். ஒற்றை அறை வீட்டில் பத்துப் பேர் இருக்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேரம் வெளியே, மின்விசிறிக்குக் கீழே, வீட்டுப் பெண்கள் யாரும் கேள்வி கேட்காமல் போய்வரக்கூடிய ஒரு பொது இடம். அண்ணா சாலை சபையர் வளாகத்தில் புளூ டைமண்ட் தியேட்டர் இருந்த காலத்தில் அங்கே படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். வேலை தேடி அலைந்தவர்கள் மத்தியான வெயிலுக்கு ஏ.சி.யில் தூங்கவே டிக்கெட் எடுத்தார்கள். அவர்கள் திரையைப் பார்த்து மயங்கவில்லை, சீட்டில் சாய்ந்து தூங்கினார்கள். கதையும் வசனமும் மனசை மாற்றியதா என்பது வேறு வழக்கு. தமிழ்நாட்டு அரசியலே அதற்குச் சாட்சி சொல்லும், இங்கே இடம் போதாது.

கொரோனாவுல கஷ்டமோ கஷ்டம். தியேட்டரையே மூடிட்டாங்களே, அப்ப உங்க கணக்கு என்னாச்சு?

2020 மார்ச் நடுவில் மூடிய தியேட்டர்கள் தமிழ்நாட்டில் நவம்பர் 10 அன்றுதான் திறந்தன, அதுவும் பாதி இருக்கைக்கு. யுத்தத்தில்கூட இப்படி நடக்கவில்லை. முந்தைய கஷ்டங்களில் காசு இல்லை, ஆனால் கூடி உட்காரலாம். இந்தத் தடவை கூடுவதுதான் தடை. டீக்கடை அலமாரி ரேடியோ, பூங்கா ஒலிபெருக்கி, தரை டிக்கெட் என்று ஒருவர் செலவில் பலர் அனுபவித்த ஏற்பாடு எல்லாம் அடிபட்டது.

அந்த இடத்துக்கு வந்தது ஆளுக்கொரு போன். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும் அதே போனில், அதே ரீசார்ஜில். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தால் பாடமும் போச்சு, படமும் போச்சு. மலிவு என்று நினைக்கிறோம்; தலைக்கு ஒரு கருவி, தலைக்கு ஒரு ரீசார்ஜ் என்று கூட்டிப் பார்த்தால் அவ்வளவு மலிவில்லை.

நாலு பேர் குடும்பமா மால்ல படம் பாத்தா ரெண்டாயிரம் காலி. இது இன்னும் ஏழைங்க பொழுதுபோக்கா?

மாலில் இல்லை. 2017இல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். நாலு பேருக்கு 600, மேலே வரி, ஆன்லைன் கட்டணம், வண்டி நிறுத்தம், பாப்கார்ன். பாப்கார்ன் ஒரு வேடிக்கை: பெருமந்தத்துக்கு முன் அமெரிக்காவின் ஆடம்பரத் தியேட்டர்கள் அதை உள்ளே விடவே மறுத்தன. தெருவண்டிச் சாமான், கம்பளம் பாழாகும் என்றார்கள். மந்தத்தில் டிக்கெட் வருமானம் விழுந்ததும் அந்தச் சோளப்பொரிதான் பல தியேட்டர்களைக் காப்பாற்றியது. ஏழையின் தீனியாக நுழைந்தது, இப்போது டிக்கெட்டைவிட விலை கூடி நிற்கிறது.

தரை, பெஞ்சு, சோபா என்று ஒரே கூரைக்குள் இருந்த வகுப்புகள் இப்போது தனித்தனிக் கட்டடங்களாகிவிட்டன. சோபாக்காரர்கள் மாலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரை நம்பியிருந்த தனித் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. அண்ணா சாலை சாந்தி 2016இல் மூடியது, அசோக் நகர் உதயம் 2024இல். நிலத்தின் விலைக்கு முன்னால் டிக்கெட் வருமானம் நிற்காது என்பது தியேட்டர்காரர் வாதம். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

நடைக்கு வர முடியாது. நாங்களே போய்ப் பாக்க என்ன மிச்சம் இருக்கு?

அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் போனால் 1913இல் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் இருக்கிறது. தபால்தலைப் பிரிவு அதில் இயங்குகிறது. வேலை நாளில் போங்கள். பக்கத்திலேயே 1941இல் கட்டிய காசினோ, 1970இல் வந்த தேவி. வானொலி நிலையம் 1954 முதல் கடற்கரைச் சாலையில், பட்டினப்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது. வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

கேட்க வேண்டுமானால் மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸ். சென்னையின் கான்கிரீட் வீட்டுக்குள் இரைச்சல் அதிகம், மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். எஃப்.எம்.மில் ரெயின்போ 101.4. பழைய வால்வு ரேடியோ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அழகுக்கு என்றால் வாங்குங்கள், கேட்பதற்கு என்றால் முதலில் ரிப்பேர் பார்க்கும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டுப் பெட்டிக்குக் காசு கொடுங்கள்.